வேலியில் ஏறிய பெயர் தெரியாத கொடி

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த பிறகு செய்யூர்ப் பக்கம் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். கிழக்கே காயலும் உப்பளமும், அதற்கப்பால் கடல். கடல் பக்கம் போகப் போக மணல். ஏரிகளைச் சுற்றி களிமண். எந்த மண்ணானாலும் சரி, அந்த நாலு நாள் மழையில் வேலியோரம் பச்சையாகிவிடும். வீட்டுக்காரர்கள் வைத்தது செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நாலு சாமந்தியும்தான். ஆனால் அவற்றுக்கு நடுவே யாரும் விதைக்காத, யாரும் தண்ணீர் ஊற்றாத ஏதோ ஒன்று தலையை நீட்டியிருக்கும். ஒரு வாரத்தில் அது கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கிவிடும்.

இது என்ன கொடி என்று வீட்டில் கேட்டால் இரண்டு பதில்தான் வழக்கமாக வரும். "களைதான், பிடுங்கிப் போடு" என்பார் ஒருவர். "ஏதோ மூலிகை மாதிரி இருக்கு, இருக்கட்டும்" என்பார் இன்னொருவர். இரண்டு பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. பிடுங்கியது அடைக்கு அரைக்கும் கீரையாக இருக்கலாம். மூலிகை என்று விட்டுவைத்தது உயிரைப் பறிக்கும் கிழங்காக இருக்கலாம். இரண்டுமே செய்யூர் வேலிகளில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வளர்கின்றன. ஆகவே பிடுங்குவதற்கும் முன்னால், வாயில் வைப்பதற்கும் முன்னால், அந்தக் கொடியைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. யாரும் விதைக்காத கொடி ஏன் தோட்டத்தின் நடுவில் வராமல் பெரும்பாலும் ஓரத்தில், அதுவும் வேலிக்கு நேர் கீழே வருகிறது?

வேலிக் கம்பியை அண்ணாந்து பாருங்கள். கொண்டைக்குருவி உட்கார்ந்திருக்கும். மைனா வரும். குயில் சத்தம் கேட்கும். இவை எல்லாம் சிவந்த பழங்களை விழுங்குகிற பறவைகள். பழத்தின் சதை செரித்துவிடும், விதை செரிக்காது. எங்கேயோ பழம் தின்ற பறவை இங்கே வந்து கம்பியில் உட்கார்ந்து எச்சமிடுகிறது. விதை வேலிக்கு அடியில் விழுகிறது, கூடவே கொஞ்சம் எருவும் விழுகிறது. மழை வந்ததும் முளைக்கிறது. முளைத்தவுடன் பிடித்து ஏற எதிரிலேயே கம்பி இருக்கிறது! பறவைகளுக்காகப் பழத்தைச் சிவக்க வைக்கும் கொடிகளுக்கு வேலியோரத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆகவே உங்கள் வேலியில் புதிதாக ஒரு கொடி வந்தால், அது சிவந்த பழம் காய்க்கும் கொடியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் நம் முதல் தடயம்.

இனி கொடியின் அருகே போவோம். எல்லாரும் உடனே இலையைப் பார்ப்பார்கள். இலை ஏமாற்றும். ஒரே கொடியில் கீழே ஓர் உருவமும் மேலே ஓர் உருவமுமாக இலை வரும். வெயிலில் சிறுத்து நிழலில் அகன்று போகும். நான் சொல்வது, முதலில் அது எதைக் கொண்டு ஏறுகிறது என்று பாருங்கள். மெல்லிய பச்சை நூலாக ஒன்று நீண்டு, கம்பியைச் சுற்றிச் சுருண்டிருக்கிறதா? அதற்குப் பற்றுக்கம்பி என்று பெயர். உங்கள் பாடப்புத்தகத்திலும் வந்திருக்கும். அந்தப் பற்றுக்கம்பி கொடியின் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் ஒவ்வொரு தாவரக் குடும்பமும் பற்றுக்கம்பியை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது, அந்த இடம் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறுவதில்லை.

பிரண்டையிடம் போய்ப் பாருங்கள். நாலு பட்டையாக இருக்கும் தண்டு, கணுவுக்குக் கணு ஓர் இலை. இலை ஒரு பக்கம் இருந்தால், நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து பற்றுக்கம்பி புறப்படும். திராட்சையும் இப்படித்தான், பிரண்டை திராட்சைக் குடும்பம்.

முடக்கத்தானில் தேடினால் இலையருகே பற்றுக்கம்பி தெரியாது. பூக்காம்பைப் பிடித்துக்கொண்டே போனால், பூக்களுக்குச் சற்றுக் கீழே இரண்டு சுருள்கள் ஜோடியாக இருக்கும். காற்றடைத்த முக்கோணக் காயும், அதற்குள் வெள்ளை இதயம் வரைந்த கறுப்பு விதையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடலோர மணலில் படரும் சிறுபூனைக்காலியில் இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்திலிருந்தே பற்றுக்கம்பி வரும். இது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் மணலில் நன்றாக வேரூன்றிவிட்ட கொடி. இதன் காயைச் சுற்றி பச்சை வலை போன்ற ஒரு உறை இருக்கும். அதில் பிசுபிசுப்பான முனையுள்ள முடிகள். எறும்பும் சின்னப் பூச்சிகளும் அதில் ஒட்டிக்கொண்டு சாகும். அந்த உறை காயைக் காப்பதோடு நிற்காமல், ஒட்டிய பூச்சியைச் செரித்து அதன் சத்தையும் எடுத்துக்கொள்கிறது என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் 1995-ல் எழுதினார்கள். ஒரு லென்ஸ் கிடைத்தால் அந்த முடிகளைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டியது. சில கொடிகளில் இலையே நீண்டு, நுனி மெலிந்து, அந்த நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். இலைதான் பற்றுக்கம்பி. அப்படி ஒன்றைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அது செங்காந்தள். மஞ்சளும் சிவப்புமாய், இதழ்கள் மேல்நோக்கி வளைந்து நெளிந்து பூக்கும் நம் மாநில மலர். எவ்வளவு அழகோ அவ்வளவு நஞ்சு. கொல்சிசின் என்ற நஞ்சு செடி முழுக்க இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம் உழவர்கள் இதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, மருந்துத் தொழிலுக்கு விதை விற்பதற்காகவே பயிரிடுகிறார்கள். கீல்வாதத்துக்கு மருத்துவர் மிகச் சிறிய அளவில் கொடுக்கும் மருந்து அந்த விதையிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதே கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. மண்ணைத் தோண்டும்போது கிழங்கு கிடைத்தது, அதனால் தின்னலாம் என்று யாராவது சொன்னால் மேலே ஏறியிருந்த கொடியின் இலை நுனி எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

பற்றுக்கம்பியே இல்லாமல், தண்டே முறுக்கிக்கொண்டு ஏறும் கொடிகளும் வேலியில் உண்டு. சங்குப்பூவும் குன்றிமணியும் அப்படி. இரண்டிலும் ஒரு காம்பில் பல சிற்றிலைகள். பூக்காத காலத்தில் எப்படிப் பிரிப்பது? காம்பின் நுனியைப் பாருங்கள். சங்குப்பூவில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள். நுனியில் ஒன்று தனியாக நிற்கும். குன்றிமணியில் ஜோடி ஜோடியாக நிறைய இருக்கும், நுனியில் தனி இலை இருக்காது. சிவப்பில் கறுப்புக் கண் வைத்த அந்த மணியை எடுத்து விளையாடாதீர்கள், துளை போடாதீர்கள், தம்பி தங்கை கையில் கொடுக்காதீர்கள். மேலோடு உடைந்த ஒரு மணி வயிற்றுக்குள் போவதே பேராபத்து.

இப்போது பற்றுக்கம்பி இலைக் காம்பின் அடியில், ஆனால் கக்கத்தில் இல்லாமல் பக்கவாட்டில், காம்புக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு புறப்படுகிறதா? அப்படியானால் அது பூசணிக் குடும்பம். சுரை, பீர்க்கு, பாகல், புடலை, வெள்ளரி எல்லாம் இந்தக் குடும்பம்தான். செய்யூர் வேலியில் மழைக்குப் பிறகு முளைப்பதில் இந்தக் குடும்பக் கொடிகளே எனக்கு மிகவும் பிடித்தவை. அவற்றைப் பிரித்தறிவதற்கு முன்னால், அந்தப் பற்றுக்கம்பி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அவசரமில்லை, கொடி எங்கும் போய்விடாது.

1858-ல் ஆசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், பூசணிக் குடும்பத்துக் கொடி ஒன்றின் பற்றுக்கம்பியைத் தொட்டால் அது வளைகிறது என்று ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதைப் படித்த சார்லஸ் டார்வின் கிரேயிடம் விதை கேட்டு வாங்கினார். அமெரிக்கக் காட்டு வெள்ளரி முளைத்தது. அப்போது டார்வின் உடம்பு சரியில்லாமல் இருந்தார். தொட்டியைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டு, பற்றுக்கம்பியின் நுனி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். எதையும் தொடாமலே அது காற்றில் வட்டமடித்துக்கொண்டிருந்தது! ஒரு வட்டம் முடிய இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பிடிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றித் தேடுகிறது. இதையும் வேறு பல கொடிகளையும் பார்த்து அவர் எழுதியது 1865-ல் வெளிவந்தது.

சிறுபூனைக்காலியின் உறவுக்கொடி ஒன்றில் அவர் இன்னொன்றைப் பார்த்தார். பற்றுக்கம்பியை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் அரை நிமிடத்துக்குள் வளையத் தொடங்கியது. அதன்மேல் தண்ணீர்த் துளிகளை விழவிட்டார். அசையவில்லை. எண்ணிப் பாருங்கள், மழைத்துளி விழும்போதெல்லாம் பற்றுக்கம்பி வெறுமனே சுருண்டுகொண்டால் கொடி எப்படி ஏறும்? துளிக்கும் குச்சிக்கும் வேறுபாடு அதற்குத் தெரிந்திருக்கிறது. 2015-ல் ஜப்பானில் திராட்சைக் குடும்பக் கொடி ஒன்றை ஆராய்ந்தவர்கள், அதன் பற்றுக்கம்பி தன் சொந்தத் தண்டை விட்டுவிட்டு அடுத்த செடியை அதிகம் பற்றுகிறது என்று கண்டார்கள். நம் பிரண்டையும் அப்படிச் செய்கிறதா என்று நீங்கள் உங்கள் வேலியிலேயே பார்க்கலாம்.

கம்பியைப் பிடித்த பிறகு நடப்பது இன்னும் அழகு. நுனி பிடித்துக்கொண்டது, அடி தண்டில் இருக்கிறது. நடுவில் உள்ள பகுதி சுருளத் தொடங்குகிறது. சுருளச் சுருள நீளம் குறைந்து, கொடி வேலியை நோக்கி இழுக்கப்படுகிறது. ஒரு பற்றுக்கம்பியை உற்றுப் பாருங்கள். பாதி தூரம் வலப்பக்கமாகச் சுற்றியிருந்தால், நடுவில் ஒரு சின்ன நேர்ப்பகுதி வந்து, மீதி இடப்பக்கமாகச் சுற்றியிருக்கும். ஏன் ஒரே பக்கமாகச் சுற்றவில்லை? ஒரு ரிப்பனின் இரண்டு முனையையும் நண்பர்கள் இருவர் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் நடுவில் பிடித்து முறுக்குங்கள். உங்கள் கையின் ஒரு பக்கம் எந்தத் திசையில் முறுக்கு ஏறுகிறதோ, மறுபக்கம் அதற்கு எதிர்த்திசையில் ஏறும். இரு முனையும் கட்டுப்பட்டிருக்கும்போது வேறு வழியில்லை. எதையும் பிடிக்காமல் போன பற்றுக்கம்பியும் நாளானால் சுருளும். அது மட்டும் ஒரே திசையில் சுருண்டு, பிறகு வாடிவிடும். அதற்கு ஒரு முனைதானே கட்டுப்பட்டிருக்கிறது.

2012-ல் ஷாரன் கெர்போட் என்ற இயற்பியல் ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் வெள்ளரியின் பற்றுக்கம்பியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே இரண்டு செல் அடுக்குத் தடிமனில் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட அதிகம் சுருங்குகிறது. அதனால்தான் முழுக் கம்பியும் சுருள்கிறது. சாதாரண ஸ்பிரிங்கை இழுத்தால் சுற்றுகள் பிரியும். முதிர்ந்த வெள்ளரிப் பற்றுக்கம்பியை இழுத்தால் முதலில் சுற்றுகள் கூடின! இந்தச் சுருளின் துணையால், கடற்காற்று வேகமாக அடிக்கும்போதும் கொடி அறுந்து விழாமல் ஆடிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள் அல்லவா?

சரி, வேலிக்குத் திரும்புவோம். நம் கொடி பூசணிக் குடும்பம் என்று தெரிந்துவிட்டது. யாரும் விதைக்காமல் பறவை கொண்டுவந்தது என்றால், மூன்று பேர்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் வரும். கோவை, முசுமுசுக்கை, ஐவிரலி. மூன்றின் பழமும் சிவக்கும். மூன்றின் இளம் இலையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும்.

மறுபடியும் பற்றுக்கம்பியைப் பாருங்கள். அது கடைசிவரை ஒற்றை நூலாகப் போகிறதா, நடுவில் இரண்டாகப் பிரிகிறதா? இரண்டாகப் பிரிந்தால் ஐவிரலி. சிவலிங்கக் கொடி என்றும் சொல்வார்கள். ஒற்றையாகவே போனால் கோவை அல்லது முசுமுசுக்கை. கோவையில் எப்போதாவது ஒன்று பிரிந்திருக்கும். ஆகவே ஒரே ஒரு பற்றுக்கம்பியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் நாலைந்தைப் பாருங்கள்.

அடுத்து இலையைத் தடவுங்கள். கோவை இலை வழவழப்பாக, கொஞ்சம் சதைப்பற்றாக இருக்கும். முசுமுசுக்கை இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று விரலைப் பிடிக்கும். தண்டிலும் விறைத்த முடிகள். ஐவிரலி இலையின் மேல்பக்கமும் லேசாகச் சொரசொரக்கும், அதனால் தடவிப் பார்த்தது மட்டும் போதாது. அதன் இலை பெரும்பாலும் ஐந்து விரலாக ஆழமாகப் பிரிந்திருக்கும். எந்தச் செடியைத் தடவினாலும் கண்ணில் கை வைக்கும் முன் கையைக் கழுவிவிடுங்கள்.

பூ வந்துவிட்டால் எளிது. கோவையின் பூ வெள்ளை, பெரிது, ஐந்து முனையாக விரியும். முசுமுசுக்கையின் பூ சின்னஞ்சிறு மஞ்சள், இலைக் கக்கத்தில் கூட்டமாக இருக்கும். ஐவிரலியின் பூவும் சிறிது. வெளிறிய பச்சை கலந்த மஞ்சள். காய் வந்தால் இன்னும் எளிது. கோவைக்காய் நீளம், உங்கள் கட்டைவிரல் அளவு. முசுமுசுக்கைப் பழம் ஒரு சென்டிமீட்டர் அளவில் உருண்டை. பழுத்தால் வெறும் சிவப்பு. ஐவிரலிப் பழம் அதைவிடப் பெரிய உருண்டை, பழுத்துச் சிவந்த பிறகும் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருக்கும். பார்ப்பதற்கு மூன்றிலும் அதுதான் அழகு. ஆனால் நச்சுத்தன்மை உள்ள பழமும் அதுதான்.

தின்று பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று யாராவது நினைத்தால், கூடவே கூடாது. பூசணிக் குடும்பத்தில் குக்கர்பிடாசின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. பூச்சிகளும் விலங்குகளும் தின்னாமல் இருக்கக் கொடி வைத்திருக்கும் காவல் அது. வீட்டில் சமைக்கும் சுரைக்காயில்கூட எப்போதாவது ஒன்று கடுங்கசப்பாக அமையும். அப்படிக் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்காகவே ஒரு குழுவை அமைத்து, கசக்கும் சாற்றைக் குடிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. நமக்குத் தெரிந்த காயிலேயே இப்படி என்றால், தெரியாத பழத்தை நாக்கில் வைப்பது அறிவியல் ஆகாது.

ஒரு சிவந்த ஆரஞ்சு வண்டு, அரை சென்டிமீட்டருக்குச் சற்றே பெரிது, உங்கள் கொடியின் இலையில் வட்ட வட்டமாகத் துளை போட்டிருக்கிறதா பாருங்கள். பூசணி வண்டு. நம்மை விரட்டும் அதே கசப்பு இதை அழைத்து வருகிறது. இந்தக் குடும்பக் கொடிகளைத் தேடிப்பிடிப்பதில் அது கைதேர்ந்தது, ஆகவே அது மேய்ந்துகொண்டிருந்தால் உங்கள் ஊகத்துக்கு ஒரு சாட்சி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

கோவைக்கொடியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு புதிர் வரும். கொடி வேலி முழுக்கப் பூக்கும், ஒரு காய்கூடக் காய்க்காது. கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூவைப் பறித்து இதழுக்குக் கீழே பாருங்கள். குட்டிக் கோவைக்காய் ஒன்று அப்போதே ஒட்டிக்கொண்டிருந்தால் பெண் பூ. வெறும் காம்புதான் என்றால் ஆண். மனிதர்களைப் போலவே கோவையிலும் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் உண்டு, அதை 1940-களில் இந்திய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். நம்மிடம் ஒய் சின்னது; கோவையிலோ எல்லாக் குரோமோசோம்களிலும் அதுதான் பெரியது. செடிகளில் இது அபூர்வம். அதனால் ஆய்வாளர்கள் இந்த வேலிக் கொடியை எடுத்து ஆராய்கிறார்கள். உங்கள் ஆயாவிடம் கோவை இலையைப் பற்றிக் கேளுங்கள். சிலேட்டை அழிக்க அந்த இலையைத்தான் பறித்துக்கொண்டு போனோம் என்பார்கள். பள்ளிக்கூடக் கரும்பலகைக்கும் கோவை இலையையும் கரியையும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள்.

முசுமுசுக்கைக்கு வேறொரு பெருமை. நம் ஆயாமார் மொசுமொசுக்கை என்று சொல்லி, சளி பிடித்தால் அரிசியோடு அரைத்து அடை சுட்டுத் தருகிற அதே இலை. 1690-களில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இருந்தார். கோட்டைக்கு வெளியே வளரும் செடிகளைப் பறித்து உலர்த்தி, இங்கே மக்கள் அவற்றை என்ன சொல்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதி, லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரருக்குக் கப்பலில் அனுப்பினார். அவருக்குப் பின் எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவரும் அனுப்பினார். முன்னூறு ஆண்டுக்கு முன் நம் கடற்கரையில் காய்ந்த அந்தச் செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத சுவீடன் தாவரவியலாளர் லினேயஸ், இப்படிப் போன செடிகளையும் படங்களையும் எழுத்துகளையும் பார்த்து, 1753-ல் முசுமுசுக்கைக்கு வைத்த பெயர் குக்குமிஸ் மதராஸ்பட்டானஸ். மதராசப்பட்டினத்து வெள்ளரி! மேலாநெல்லியும், காய்ந்த ஏரிப்படுகையில் வளரும் மாசிப்பத்திரியும் அதே ஊர்ப்பெயரைத் தாங்கியிருக்கின்றன.

பிறகு வந்தவர்கள், இது வெள்ளரி இனமில்லை என்று 1840-ல் தனியாகப் பிரித்து முக்கியா என்ற இனத்தில் வைத்தார்கள். 2007-ல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததும், லினேயஸ் சொன்னதே சரி என்று வெள்ளரி இனத்துக்கே திரும்பிவிட்டது. ஆகவே பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதிய புத்தகத்தில் ஒரு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம். கொடி ஒன்றுதான்.

இனி அந்தக் கொடியை என்ன செய்வது? முசுமுசுக்கை என்று பெரியவர் ஒருவர் உறுதி சொன்னால் கம்பியில் ஏறவிடலாம். அது செம்பருத்தியை அமுக்காது. கோவை அப்படியில்லை. கவனிக்காவிட்டால் செம்பருத்தியைப் போர்த்தி வெயில் படாமல் செய்துவிடும். சமையலுக்கு ஆகும் என்று மக்கள் கொண்டுபோன கோவை ஹவாய், குவாம் தீவுகளில் வேலி தாண்டி, மரங்களையே மூடிவிட்டது. அங்கே அதற்கு எதிரிப் பூச்சிகள் இல்லை. கடைசியில் ஹவாயில் 1996-ல் கென்யாவிலிருந்து அதன் தண்டைத் துளைக்கும் ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. நம் ஊரில் அதைத் தின்னப் பல பூச்சிகள் உண்டு, நாமும் பறித்துத் தின்கிறோம். வேண்டாத இடத்தில் வந்தால் மேலே அறுத்து ஒரு பயனும் இல்லை. அடியில் கிழங்குபோல் வேர் தடித்திருக்கும், அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணைக் கிளறி வேரோடு எடுக்க வேண்டும்.

ஐவிரலியையும் செங்காந்தளையும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேலியில் வைத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, பழுக்கும் முன்பே கிழங்கோடு எடுக்கட்டும். ஏரிக்கரைப் புதரிலோ காட்டோரத்திலோ இருந்தால் அது அவற்றின் வீடு. நாம் தொட வேண்டியதில்லை.

கொடி அல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சாமந்திப் பாத்தியில் சாமந்தி இலையோடு ஒளிந்து வளரும். சாமந்தி என்று நினைத்துத் தண்ணீரும் ஊற்றுவார்கள். பார்த்தீனியம். 1955-ல் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. வெள்ளைப் பொட்டுப் பூ வரும் முன்பே பெரியவர்கள் கையுறையோடு பிடுங்க வேண்டும்; வெறுங்கையால் தொட்டால் பலருக்குத் தோல் அரிக்கும். ஒரே செடி பல்லாயிரம் விதை போடும்.

மறுபடி நம் கொடிக்கு வருவோம். அது முளைத்து இரண்டு இலை விட்டதுமே யார் என்று கேட்டால் எந்தப் புலவராலும் சொல்ல முடியாது. முதல் இரண்டும் விதையிலைகள். பூசணிக் குடும்பத்தில் பெரும்பாலும் அவை தடித்த முட்டை வடிவம்தான். நாலைந்து இலையும் ஒரு பற்றுக்கம்பியும் வரும்வரை பொறுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, முளைத்த தேதியை எழுதி வையுங்கள்.

செல்பேசியில் படமெடுத்தால் பெயர் சொல்லும் பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் வந்துவிட்டன. நல்ல உதவிதான். ஆனால் மேலிருந்து ஓர் இலையை மட்டும் எடுத்தால் கோவையையும் ஐவிரலியையும் குழப்பிவிடும். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பற்றுக்கம்பி புறப்படும் இடம், பூவின் முகம், பூவின் அடி, காய் என்று தனித்தனியாக எடுங்கள். செயலி சொன்ன பெயரை நம்பி எதையும் தின்னக்கூடாது.

அதைவிட நல்லது, பிரவுன் செய்ததைச் செய்வது. இலையும் பற்றுக்கம்பியும் பூவும் ஒன்றாக வருகிற மாதிரி ஒரு சாண் கொடியை வெட்டுங்கள். பழைய செய்தித்தாளில் பரப்புங்கள்; ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் தெரிய வையுங்கள். மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். கார்த்திகை மாதத்தில் காற்றில் ஈரம் அதிகம். தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்ததும் அட்டையில் ஒட்டுங்கள். இப்படி ஒட்டிய செடிகளைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைக்கும் இடங்கள் நம்மிடம் உண்டு. ஹெர்பேரியம் என்று அவற்றுக்குப் பெயர். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் மதராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம். செய்யூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் ஒன்று உண்டு. உங்கள் அறிவியல் ஆசிரியரோடு போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அட்டையின் கீழ் மூலையில் ஊர், நாள், கம்பி வேலியா முள்வேலியா, மணலா களிமண்ணா, என்ன பறவை வந்தது, ஆயா என்ன பெயர் சொன்னார் என்று எழுதுங்கள். பூவின் நிறத்தைப் பறித்த அன்றே எழுதிவிடுங்கள். காய்ந்த பிறகு கோவையின் வெள்ளையும் முசுமுசுக்கையின் மஞ்சளும் ஒரே பழுப்பாகிவிடும்.